நான்கு புள்ளி இட்ட படம்

யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து நடத்திய ஒளிப்படப் போட்டிக்கு நடுவராக வரமுடியுமா என்று கேட்டபோது, நாற்பது ஆண்டுகளாகக் கமராவை நம்பிப் பிழைத்தவன் என்ற துணிவில் உடனே ஒப்புக்கொண்டேன். நகரத்தில் இருந்த ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையில் உதவியாளனாகத் தொடங்கியவன் நான். கலியாணவீடு, சாமத்தியவீடு, பாடசாலைக் குழுப்படம், அடையாள அட்டைப் படம் என்று எடுத்தே என் காலம் போயிற்று. படம் எடுக்கத் தெரிந்தவனுக்குப் படத்தை மதிப்பிடவும் தெரியும் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதை மூன்று நாள்களில் கற்றுக்கொண்டேன். அதன்பிறகு வேறு சில போட்டிகளிலும் நடுவராக இருந்துவிட்டேன். ஆயினும் முதற்போட்டியில் நாங்கள் விட்ட பிழைகளிலிருந்தே அதிகம் படித்தேன் என்பதால் அவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நடுவர்கள் மூவர். கொழும்பில் பத்திரிகைப் படப்பிடிப்பாளராக நெடுங்காலம் இருந்த ஒருவர், வலிகாமத்துப் பாடசாலையொன்றில் சித்திரம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர், நான். போட்டியின் கருப்பொருள் ஒரே சொல்: 'கரை'. நானூறுக்குச் சற்று மேற்பட்ட படங்கள் வந்திருந்தன. நாங்கள் எல்லோரும் கடற்கரையையும் குளக்கரையையும்தான் எதிர்பார்த்திருந்தோம். பத்தாவது படமோ பதினோராவது படமோ நல்லூர்த் திருவிழாவில் வரிசையாக நிற்கும் ஆண்களின் வேட்டிக் கரையாக இருந்தது. தலைகளும் இல்லை, கோபுரமும் இல்லை. இடுப்புக்குக் கீழே வெள்ளைத் துணியும், அதன் ஓரத்தில் ஓடும் பச்சையும் சிவப்பும் பொன்னிறமுமான கோடுகளும், காலடியில் வீதிக்குப் பரவிய வெள்ளை மணலும் மட்டுமே. ஆசிரியை கைதட்டினார். கொழும்பு நண்பர், இது கருப்பொருளுக்குப் புறம்பானது என்று தள்ளிவைத்தார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப்பட்டது. அரைமணி நேரம் அந்த ஒரு படத்திலேயே போயிற்று.

பிழை அந்தப் படத்தில் இல்லை, எங்களிடம் இருந்தது. 'கரை' என்ற சொல்லுக்கு எவ்வளவு தூரம் பொருள்கொள்ள இடமுண்டு என்பதைப் படங்களைத் திறப்பதற்கு முன்பே பேசித் தீர்த்திருக்க வேண்டும். படத்தைப் பார்த்தபின் விதியைப் பேசினால், அந்தப் படம் பிடித்தவர் விதியைத் தளர்த்துவார், பிடிக்காதவர் இறுக்குவார். விதிக்காக வாதாடுகிறோம் என்று இருவரும் உண்மையாகவே நம்புவார்கள். இப்போதெல்லாம் நடுவராக அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மூன்று கேள்விகள்: கருப்பொருளின் எல்லை எது, எவ்வளவு திருத்தம் செய்யலாம், ஒரு படத்தில் ஏதும் சேர்க்கவோ நீக்கவோ இடமுண்டா. இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லையென்றால், பதில் எழுதப்படும்வரை நான் படங்களைப் பார்ப்பதில்லை.

புள்ளியிடும் முறையும் அப்படித்தான் எங்களைக் கவிழ்த்தது. அமைப்பாளர்கள் தந்த தாளில் ஐந்து தலைப்புகள் இருந்தன: கருப்பொருள், ஒளி, சட்டக அமைப்பு, தொழில்நுட்பம், புதுமை. ஒவ்வொன்றுக்கும் இருபது புள்ளி. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஐம்பது படங்களுக்கு அப்படிப் புள்ளியிட்டுக் கூட்டிப் பார்த்தபோது, முதலிடத்தில் நின்றது எவருக்கும் நினைவில் நிற்காத ஒரு படம். அதில் குறையே இல்லை. ஒவ்வொரு தலைப்பிலும் பதினான்கு, பதினைந்து வாங்கி மேலே ஏறிவிட்டது. ஆசிரியை எழுந்து நின்று வியந்த படமோ தொழில்நுட்பத்தில் எட்டு வாங்கிக் கீழே கிடந்தது. சோதனைத் தாள் திருத்துவது போலப் படத்தைத் துண்டு துண்டாகத் திருத்தினால் பிழை விடாதவன்தான் வெல்வான். ஆகையால் அந்தத் தாளை மடித்து வைத்தோம். முழுப்படத்துக்கும் ஒன்றிலிருந்து பத்துவரை ஒரே புள்ளி. ஐந்து தலைப்புகளும் அந்தப் புள்ளிக்கான காரணத்தைச் சொல்வதற்கு மட்டும் என்று தீர்மானித்தோம். காரணம் சொல்ல முடியாத புள்ளி செல்லாது என்பதும் அப்போதே எழுதப்பட்டது.

பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப்பின் ஆதரவில் நடைபெறும் போட்டிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் வரும்போது ஒவ்வொன்றும் சில விநாடிகளே திரையில் நிற்கும். நடுவர் அதற்குள் புள்ளி அழுத்திவிட வேண்டும். கேட்பவருக்கு அநியாயமாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் முதற்சுற்றில் தள்ளவேண்டிய படத்தைத் தள்ளுவதற்குச் சில விநாடிகள் போதும் என்பதே என் அனுபவம். ஆபத்து வேறிடத்தில் உள்ளது: மெதுவாகப் பேசும் படங்களும் அந்த வேகத்தில் அடிபட்டுப் போய்விடும். அதற்காக நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு எளிமையானது. முதலில் எல்லாப் படங்களையும் புள்ளியிடாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தோம். வந்தவற்றின் தரம் எங்கிருந்து எங்குவரை என்பது தெரியாமல் முதற்படத்துக்கு ஏழு போடுவதா ஐந்து போடுவதா என்று எவராலும் சொல்ல முடியாது. இரண்டாம் ஓட்டத்தில் வைப்பதா விடுவதா என்று மட்டும் பார்த்தோம். மூவரில் ஒருவர் கை தூக்கினாலும் படம் தங்கும். நானூறு நூற்றிருபதாகக் குறைந்தது. அந்த நூற்றிருபதுக்கே புள்ளியிட்டோம்.

கண் களைக்கும் என்பதை நான் நம்பவில்லை. கலியாணவீட்டில் விடிய விடிய நின்று படமெடுத்த கண் அல்லவா! ஆனால் மாலையில், ஆசிரியையின் வற்புறுத்தலால், காலையில் புள்ளியிட்ட முதல் முப்பது படங்களை வரிசை மாற்றி மறுபடி பார்த்தோம். பழைய தாளை மறைத்துவிட்டுப் புதிதாகப் புள்ளியிட்டபோது, பல படங்களுக்கு என் புள்ளி இரண்டு வரை மாறியிருந்தது. காலையில் தாராளமாக இருந்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கஞ்சத்தனமாக. அன்றிலிருந்து ஐம்பது படங்களுக்கு ஒருமுறை எழுந்து வெளியே போய்த் தேநீர் குடிப்பதும், தொடக்கத்தில் பார்த்தவற்றை இறுதியில் மறுபடி பார்ப்பதும் என் வழக்கமாகிவிட்டன.

இனி, எங்கள் ஊரின் சிக்கலுக்கு வருகிறேன். பண்ணைப் பாலத்தில் சூரியன் மறையும் காட்சி, காரைநகர் கசூரினாக் கடற்கரையின் சவுக்கு மரங்கள், நெடுந்தீவின் குதிரைகளும் கடற்பாறைக் கற்களால் அடுக்கிய வேலிகளும், ஒல்லாந்தர் கோட்டையின் மதில். 'கரை' என்றவுடன் பாதிப்பேர் இவற்றுக்கே போயிருந்தார்கள். பண்ணையின் அந்தி வானம் மட்டும் நாற்பதுக்குக் குறையாமல் இருக்கும். ஒவ்வொன்றும் கொழும்பு நண்பரை நெகிழ வைத்தது. களப்பில் நட்ட சிறகுவலைக் கம்புகள் செந்நிற நீரில் நிழல் விழுத்தி நிற்கும் படத்துக்கு அவர் எட்டு இட்டார், நான் நான்கு. எனக்கு அது தினமும் சைக்கிளில் கடந்துபோன காட்சி. அவருக்கு அது வேறோர் உலகம்.

யார் சரி என்று அப்போது வாதித்தோம். இப்போது யோசித்தால் இருவருமே படத்தை மதிப்பிடவில்லை. அவர் இடத்தைப் பார்த்து எட்டு போட்டார். நான் என் சலிப்பைப் பார்த்து நான்கு போட்டேன். அந்தக் கம்புகள் நின்ற இடத்துக்குப் போனால் எவர் எடுத்தாலும் அதே படம்தான் வரும் என்றால் அதில் எடுத்தவரின் பங்கு குறைவு. அதே கம்புகளுக்கிடையே அவர் எதையாவது கண்டுபிடித்திருந்தால் பங்கு அதிகம். எனவே பழகிய காட்சி வரும்போதெல்லாம் என்னிடமே ஒரு கேள்வி கேட்கப் பழகினேன்: இந்த இடத்தை நான் முன்பின் கண்டிராவிட்டால் இந்தப் படத்தில் எஞ்சுவது என்ன? வெளியூர் நடுவர் கேட்கவேண்டியது இதன் மறுபக்கம்: நான் இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தால் இதில் எனக்குப் புதிதாக என்ன இருக்கும்? ஒரே ஊரவரை மட்டும் நடுவர்களாக வைக்கும் போட்டியும், வெளியாரை மட்டும் வைக்கும் போட்டியும் எனக்கு இதனாலேயே ஏற்புடையவை அல்ல.

ஊர் தெரிந்திருப்பதன் பயன் வேறிடத்தில் வந்தது. அதிகாலைப் பொன்னொளியில் ஒரு கடற்றொழிலாளி வீச்சுவலையை வட்டமாக விரித்து எறியும் படம். வலை காற்றில் பூப்போல விரிந்திருந்தது. மற்ற இருவரும் ஒன்பது. நான் உற்றுப் பார்த்தேன். வலையிலிருந்து ஒரு துளி நீரும் சொட்டவில்லை. அவர் இடுப்பில் மீன் போடும் பறியும் இல்லை. தொழிலுக்குப் போனவர் அல்ல, படத்துக்காக எறிந்து காட்டியவர். இதைச் சொன்னதும் நண்பர், ஏற்பாடு செய்து எடுத்தது குற்றமா என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் ஸ்ரூடியோக்காரன்; என் வாழ்நாள் முழுவதும் ஏற்பாடு செய்துதான் படமெடுத்தேன். ஏற்பாடு செய்யக்கூடாது என்று விதியில் இல்லாதபோது அதற்காகப் புள்ளி குறைக்க முடியாது. ஆனால் கூடவே அனுப்பிய குறிப்பில் 'விடியற்காலைத் தொழிலில் தற்செயலாகக் கண்ட காட்சி' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரிதான் படத்தைக் கெடுத்தது. எங்கள் புள்ளி ஒன்பதிலிருந்து ஐந்துக்கு இறங்கியது.

உலகப் பெரும்போட்டிகளும் இதே இடத்தில் இடறியிருக்கின்றன. இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் நடத்தும் வனவுயிர் ஒளிப்படப் போட்டியில் 2009ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்ற படம், இரவில் வேலியைத் தாவும் ஓநாய். அது காட்டு ஓநாயன்று, பழக்கிய விலங்காகவே இருக்க வேண்டும் என்று முடிவாகி 2010இல் பரிசு பறிக்கப்பட்டது. அதே போட்டியில் 2017இல் வென்ற எறும்புண்ணிப் படத்தில் இருந்தது பஞ்சடைத்த எறும்புண்ணி என்று கண்டு 2018இல் நீக்கினார்கள். உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில் 2015இல் இறுதிக்கு முந்திய சுற்றுவரை வந்த படங்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, அளவுமீறிய திருத்தத்துக்காகத் தள்ளப்பட்டது. 2023இல் சோனி உலக ஒளிப்பட விருதில் ஒரு பிரிவில் வென்றவர், தம் படம் செயற்கை நுண்ணறிவால் ஆக்கியது என்று தாமே சொல்லிப் பரிசை மறுத்தார். அத்தனை நிபுணர்களின் கண்ணுக்கும் தப்பிப் போனது நம் கண்ணுக்கு அகப்படும் என்று இறுமாப்புக் கொள்ள இடமில்லை. ஆகவே முதற் பத்து இடங்களுக்கு வரும் படங்களின் மூலக்கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதை நிபந்தனையாக்குவது நல்லது. கமராவென்றால் ரோ கோப்பு, அதாவது கமரா பதிந்தபடியே திருத்தப்படாத கோப்பு. கைத்தொலைபேசியென்றால் தொலைபேசியில் உள்ளபடியே உள்ள கோப்பு. வாட்ஸ்அப்பில் வந்த பிரதி உதவாது: அது படத்தைச் சுருக்கிவிடுகிறது, எடுத்த நேரமும் கமராவின் விவரமும் அடங்கிய தரவையும் கழற்றிவிடுகிறது.

சில பொய்களைப் பிடிக்க மூலக்கோப்புக்கூடத் தேவைப்படாது. பண்ணைக் கடலில் சூரியன் மறைந்த சிவந்த வானத்தின் நடுவே பெரிய முழுநிலா. முன்னால் ஒரு வள்ளம். பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் முழுநிலா சூரியனுக்கு நேரெதிரே நிற்பதால்தான் முழுநிலாவாகத் தெரிகிறது. சூரியன் மேற்கில் மறையும்போது அது கிழக்கில் எழும். அந்தி சிவந்த அதே திசையில் பறுவ நிலா நிற்பது நடவாத காரியம். இன்னொன்று, நிலவின் அளவு. கமராவுக்குள் ஒளியைப் பதியும் உணரியில் விழும் நிலவின் குறுக்களவு, வில்லையின் குவியத்தூரத்தில் (வில்லையை மி.மீ. கணக்கில் குறிக்கும் எண் அதுதான்) ஏறத்தாழ நூற்றுப்பத்தில் ஒரு பங்கே. 24 மி.மீ. வில்லையில் அது கால் மில்லிமீற்றர்கூட வராது, 36 மி.மீ. அகல உணரியில் ஒரு பொட்டு. இந்தப் படத்திலோ நிலவு சட்டகத்தின் அகலத்தில் எட்டிலொரு பங்கை அடைத்திருந்தது; அதற்கு 500 மி.மீ. வில்லை வேண்டும். வள்ளமோ கால்மாட்டில் நின்று அகலக்கோணத்தில் எடுத்ததுபோல் முழுதாகத் தெரிந்தது. அனுப்பியவர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒரு விலகல். படத்தில் கை வைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. இலங்கையின் ஒளிப்படக் கலைக்குப் பெயர் தேடித்தந்த லயனல் வென்ட் (1900–1944) இருட்டறையில் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தியும் ஒளியும் நிழலும் இடம்மாறச் செய்தும் நடத்திய சோதனைகள் இன்றும் போற்றப்படுகின்றன. அவர் அவற்றைக் கண்டதைக் கண்டபடி காட்டும் படங்கள் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தொழில்நுட்பத்தைப் பற்றி நான் மிகக் கண்டிப்பானவன் என்று பெயர். அதில் சிலவற்றைக் கைவிட்டேன், சிலவற்றை விடவில்லை. இருளில் எடுத்த படத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகள் எனக்கு இப்போது குறையாகப்படுவதில்லை. அவை இல்லாமல் வழுவழுவென்று மெழுகிய முகங்கள்தான் உறுத்துகின்றன. நல்லூரில் வெயிலில் எடுத்த வெள்ளை வேட்டியும் வெள்ளை மணலும் விவரமே இல்லாமல் வெளுத்துப்போனால் அது குறை, ஏனெனில் எடுத்தவர் ஒளியளவை ஒரு படி குறைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். நிறத்தை ஏற்றி ஏற்றிக் கடலை மருந்துத் தண்ணீர்போல் ஆக்கியவர்களும், கூர்மையைக் கூட்டிப் பனைமரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுத்தியவர்களும் ஏராளம். கைத்தொலைபேசித் திரையில் அவை பளிச்சென்று தெரியும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத் தாளில் அச்சிட்டு மேசையில் வைத்தபோது கண் கூசிற்று. இறுதிச்சுற்றை அச்சுப்பிரதியில் பார்க்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். முதல்நாள் யன்னலைத் திறந்துவைத்த மண்டபத்தில் புரொஜெக்டரில் பார்த்தபோது நிழலெல்லாம் சாம்பலாகத் தெரிய, இருண்ட படங்கள் சிலவற்றை வீணாகத் தள்ளியிருந்தோம். பின்னர் அவற்றை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு சட்டகத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு நான் கைக்கொள்ளும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கண் முதலில் போவது வெளிச்சமான இடத்துக்கு, மனித முகத்துக்கு, எழுத்துக்கு. பின்னணியில் ஒரு கடையின் பெயர்ப்பலகை இருந்தால், முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் நாம் பலகையை வாசித்துவிட்டுத்தான் அவரிடம் வருவோம். ஆகவே முதலில் என் கண் எங்கே போயிற்று, எடுத்தவர் அங்கேதான் அனுப்ப விரும்பினாரா என்று பார்ப்பேன். அடுத்து நான்கு ஓரங்களையும் விரலால் சுற்றி வருவேன். பாதி வெட்டுப்பட்ட கை, மூலையில் நீட்டும் வயர், எவரோ ஒருவரின் செருப்பு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு பிரதியைத் தலைகீழாகத் திருப்பி வைப்பேன். முகமும் கதையும் மறைந்து வெறும் ஒளியும் நிழலும் பாரமும் எஞ்சும். தலைகீழாகவும் ஒரு படம் நிலைகொண்டு நின்றால் அதன் அமைப்பு உறுதியானது. இதை எனக்குக் கற்றுத்தந்தவர் பழைய ஸ்ரூடியோ முதலாளி. மின்சாரமும் பற்றரியும் இல்லாத தொண்ணூறுகளில், 36 படம் கொண்ட ஒரு பிலிம் சுருளை மாதக்கணக்காக வைத்துச் செலவழித்த மனிதர் அவர். எடுக்காமல் விடுவதற்கே அவரிடம் படித்தேன். ஒரே காட்சியின் ஐந்து பிரதிகளை அனுப்பிவிட்டு 'நல்லதை நீங்களே தெரியுங்கள்' என்று குறிப்பெழுதும் இளையவர்களைக் கண்டால் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன். தெரிவு செய்வது எடுப்பவரின் வேலை. ஐந்தையும் அனுப்பினால் ஐந்தும் ஒன்றையொன்று பலவீனப்படுத்தும்.

தலைப்பைப் பற்றி எழுத வேண்டிய ஒன்று உண்டு, எழுதக் கூசுகிறது. கடலைப் பார்த்தபடி தனியே அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியின் படம். தலைப்பு: 'இன்னும் வரவில்லை'. அறையில் எவரும் பேசவில்லை. எங்கள் மண்ணில் அந்த இரண்டு சொற்களுக்கு ஒரே பொருள்தான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வீதியில் இருக்கும் தாய்மாரை நாங்கள் எல்லோரும் அறிவோம். மூவரும் ஒன்பது இட்டோம். இறுதிக்கு வந்த படங்களில் முகம் தெரியும் மனிதர்களிடம் அனுமதி பெறப்பட்டதா என்று அமைப்பாளர் விசாரித்தபோது, எடுத்தவர் வெகுளியாகச் சொன்னார்: அம்மா குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் போகப் படகுக்குக் காத்திருந்தாராம். வராதது படகு. அவருக்குத் தன்னைப் படமெடுத்ததே தெரியாது.

படத்தில் பொய் இல்லை, தலைப்பில் இருந்தது. உண்மையில் காத்திருப்பவர்களின் துயரத்தைக் கடன்வாங்கிப் புள்ளி சேர்த்த பொய் அது. படத்தை நீக்கினோம். ஆனால் என்னை அதிகம் வருத்தியது, தலைப்பை மறைத்துவிட்டுப் பார்த்தபோது அந்தப் படத்துக்கு என்னால் ஆறுக்குமேல் போட முடியவில்லை என்பதுதான். மீதி மூன்று புள்ளியையும் நாங்கள் சொற்களுக்குக் கொடுத்திருக்கிறோம். இப்போது முதற்சுற்றில் தலைப்பை எனக்குக் காட்டவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் சுற்றில் பார்ப்பேன். 'ஏக்கம்', 'வறுமை', 'தாய்மை' என்று உணர்ச்சியைப் பெயராகச் சூட்டும் தலைப்புகளைவிட இடமும் செயலும் சொல்லும் தலைப்புகளே படத்துக்கு இடையூறு செய்வதில்லை என்பதை அனுப்புவோர் கவனிக்கலாம். ஏழைப் பிள்ளையின் அழுக்கு முகத்தைக் கிட்டப்போய் எடுத்து அனுப்புவோருக்கு ஒன்று: உங்கள் பிள்ளையை வேறொருவர் அப்படி எடுத்து மண்டபத்தில் தொங்கவிட்டால் சம்மதமா என்று நடுவர் மேசையில் நாங்கள் உரக்கவே கேட்டுக்கொள்வோம்.

இறுதியில் இரண்டு படங்கள் சமமாக நின்றன. ஒன்று வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுக்கும் மனிதர்கள். கயிறு மூலைக்கு மூலை ஓடியது, தசை ஒவ்வொன்றும் கூர்மையாகத் தெரிந்தது, ஒளி சரியான பக்கத்திலிருந்து வந்தது. ஏழு, ஏழு, ஏழு, ஆக இருபத்தொன்று. மற்றது தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறையில் பட்டம் விடும் கடற்கரை. அந்தத் திருவிழாவின் படங்கள் நிறையவே வந்திருந்தன, எல்லாவற்றிலும் வானமும் பட்டமும். இதில் பட்டமே இல்லை. வால் கட்டிய எட்டுமூலைப் பட்டமொன்றின் நிழல் மணலில் நீண்டு கிடக்கிறது. கூட்டம் முழுவதும் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறது. ஒரு சிறுவன் மட்டும் குனிந்து அந்த நிழலைப் பார்க்கிறான், காலைத் தூக்கி அதை மிதிக்கப் போகிறான். ஆசிரியை ஒன்பது, கொழும்பு நண்பர் எட்டு, நான் நான்கு. அதுவும் இருபத்தொன்று.

கூட்டுத்தொகை ஒன்றாயினும் இவை ஒரே விதமான இருபத்தொன்று அல்ல. ஏழு ஏழு ஏழு என்பது எவரும் எதிர்க்காத படம். ஒன்பது எட்டு நான்கு என்பது பேசவேண்டிய படம். புள்ளிகள் மூன்றுக்கு மேல் விலகினால் கூட்டுவதை நிறுத்திவிட்டு, அதிகம் இட்டவர் முதலிலும் குறைய இட்டவர் அடுத்தும் காரணம் சொல்லவேண்டும் என்பது எங்கள் விதி. காரணம் கேட்டபின் எவரும் புள்ளியை மாற்றலாம். ஆனால் பழைய எண்ணைத் தெரியும்படி வெட்டிப் புதிய எண்ணை எழுதவேண்டும். ஆசிரியை சொன்னது சுருக்கம்: எல்லோரும் பட்டத்தைக் காட்டினார்கள், இந்தப் படத்தில் மட்டும்தான் நாங்கள் பட்டத்தை எண்ணிப் பார்க்கிறோம். நான் சொன்னேன்: கடலின் தொடுவானம் இடப்பக்கம் சரிந்திருக்கிறது, வலப்பக்கத்து மனிதரின் தலை பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, தொடுவானத்தை நேராக்குவது எந்தக் கைத்தொலைபேசியிலும் ஒரு நொடி வேலை, அதையும் செய்யாதவர் தம் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அப்போது கொழும்பு நண்பர் கேட்டார்: நீங்கள் முதலில் கண்டது நிழலையா, சரிவையா?

சரிவைத்தான். நாற்பது ஆண்டுகளாகக் குழுப்படங்களை நேராக்கிய கண் வேறெதைக் காணும்? நான்கை வெட்டி ஆறு என்று எழுதினேன். எட்டு எழுத மனம் வரவில்லை, சரிந்தது சரிந்ததுதான். இருபத்துமூன்றாகி அந்தப் படம் முதலிடம் பெற்றது.

புள்ளித்தாள்களையும் படங்களோடு தொங்கவிடவேண்டும் என்பது ஆசிரியையின் யோசனை. கண்காட்சி நாளில் உயர்தரம் படிக்கும் ஒரு பெடியன் தன் படத்துக்கு முன்னால் நின்று, வெட்டிய நான்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கிட்டப் போனதும் வணங்கினான். தொடுவானத்தைப் பற்றி அவன் கேட்காமலே சொன்னேன். ஒரு நொடி வேலையை ஏன் செய்யாமல் விட்டாய் என்றும் கேட்டேன்.

"நேராக்கிப் பாத்தனான் சேர். நேராக்கினா மூலை வெட்டுப்பட்டு நிழலின்ரை வால் போயிடுது. வெட்டுப்பட்ட இடத்தைப் போனே நிரப்பித் தரும். ஆனா ஒண்டும் சேர்க்கக் கூடாதெண்டு நீங்கள் விதியிலை போட்டிருந்தீங்கள்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஓரங்களை விரலால் சுற்றி வருவதுதான் என் வழக்கம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்று நடுவர் மேசையில் இந்தப் படத்துக்கு அதைச் செய்யவில்லை. வாலின் கடைசித் துணித்துண்டின் நிழல், இடது கீழ்மூலையில், அச்சுத்தாளின் ஓரத்திலிருந்து ஒரு நெல்மணி அகலத்தில் முடிந்திருந்தது.